செம்மணப்பேட்டுச் சிப்பி

சாந்தோம், சென்னை-4
4 ஆகஸ்டு 1974

அன்புள்ள புஷ்பம்,

இரண்டு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கவரைப் பிரிக்காமல் மேஜையில் போட்டுவிடாதே. நம் சண்டையைப் பற்றி எழுத வரவில்லை. ஜானுவைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவள் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை என்னிடம் படித்த பெண் என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாமா என்று கேட்டபோது சேர் என்று சொன்னவளும் நான்தான். அடையாளமே தெரியவில்லை, அப்படிக் கறுத்து இளைத்திருக்கிறாள். காபி டம்ளரை வாங்கும்போது கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் மண் ஏறியிருந்தது.

இரண்டு வருடமாகச் செம்மணப்பேட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறாளாம். கல்லில் பதிந்த இலைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. நீ கண்டெடுத்ததுபோல் ஒரு கடல் சிப்பி, ஒரு சிப்பித் துண்டுகூடக் கிடைக்கவில்லையாம். "தப்பான எடத்துல வெட்டறேனோ என்னமோ டீச்சர், மேடம் கண்ணுக்குப் பட்டது என் கண்ணுக்குப் படமாட்டேங்குது" என்றாள். வீட்டில் தை மாதம் வரைக்கும்தான் கெடு, அதற்குப் பிறகு கல்யாணமாம்.

அவளுக்கு வேறு தலைப்பு கொடு, புஷ்பம். அந்த இலைகளைப் பற்றியே எழுதட்டும். அங்கே இன்னொரு சிப்பி கிடைக்காது.

லூயிசா

·

தியாகராய நகர், சென்னை-17
10 ஆகஸ்டு 1974

லூயிசாவுக்கு,

என் மாணவிக்கு என்ன தலைப்பு கொடுப்பது என்று பள்ளிக்கூட ஆசிரியை எனக்குக் கடிதம் எழுதிச் சொல்லித்தர வேண்டிய நிலை வந்துவிட்டதா?

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். செம்மணப்பேட்டு இலைகள் நிலத்துச் செடிகளின் இலைகள். ஐம்பது வருடத்துக்கு முன்பே அவற்றுக்கு வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். அதே மண்ணில் ஒரு அம்மோனைட் கிடைத்தது என்றால், அந்தச் சுருள் சிப்பி வாழ்ந்த கடல் அங்கேவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் எழுதிய ஒரே விஷயம் அது. அதற்காகத்தான் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். கடல் வந்திருந்தால் ஒரே ஒரு சிப்பியை விட்டுவிட்டுப் போயிருக்காது. டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து இரண்டு ஜியாலஜிஸ்டுகள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் இன்னொன்று வேண்டும். ஜானு கெட்டிக்காரி, கிடைக்கும்.

"கிடைக்காது" என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக எழுதினாய்? உன் கடிதத்தில் என்னைக் குத்தியது அந்த ஒரு வரிதான்.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. படித்தோம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய், நான் மேலே படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் துணையாக வெயிலில் வந்து சுத்தி பிடித்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் எழுபத்திரண்டில் வியாபாரிகள் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது கூட்டத்தில் உன்னைத்தான் தேடினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாய். ஏன் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. என்னால் நினைக்க முடிந்த காரணம் ஒன்றுதான். அதை எழுதினால் உனக்குத்தான் அசிங்கம்.

தங்கபுஷ்பம்

·

சாந்தோம்
15 ஆகஸ்டு 1974

புஷ்பம்,

பொறாமை என்று எழுதியிருக்கலாம். அதுவாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

அந்தச் சிப்பியை அங்கே வைத்தவள் நான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்வது சுலபம். அறுபத்தொன்பது பிப்ரவரி. அதற்கு முந்தைய ஞாயிறு நீ குழியின் கரையில் உட்கார்ந்து அழுதாய். பேராசிரியர் உன் இலைகளைப் பார்த்துவிட்டு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். தூத்துக்குடியிலிருந்து பங்குனியில் பெண் பார்க்க வருகிறார்கள், அப்பா இனிமேல் படிப்பு வேண்டாம் என்றுவிட்டார் என்றாய். மூன்று வருடம் மண்ணைத் தோண்டியதற்கு ஒரு நாளாவது சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குள் தங்கிவிட்டது.

என் மாமா ஆம்ப்ரோஸ் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே இந்தச் சுருள் சிப்பிகள் கூடை கூடையாகக் கிடைக்கும். சின்ன வயதில் எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். அடுத்த ஞாயிறு அதைச் சாப்பாட்டுப் பையில் எடுத்துவந்தேன். நீ ஜீப்பிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, குழியின் தென்கரையில் வெட்டிப் போட்டிருந்த மண்குவியலில் பாதி தெரிகிற மாதிரி வைத்தேன்.

நீ எடுத்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய், "அடி கள்ளி" என்று என்னை அடிக்க வருவாய், இரண்டு பேரும் சிரிப்போம், அந்த ஒரு நாள் நன்றாகப் போகும் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். அப்போது சொல்ல வாய் வரவில்லை. ஜீப்பில் சொல்லலாம் என்று நினைத்தேன், திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பத்திரிகையில் உன் படம் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கொண்டுவருவதற்கு முன் அந்தச் சிப்பியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். செம்மணப்பேட்டுச் சாம்பல் களிமண்ணைக் கரைத்து அதன்மேல் பூசிக் காயவைத்தேன். விளையாட்டு என்றால் எதற்குப் பூசினாய் என்று நீ கேட்பாய். ஐந்து வருடமாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜானுவை நிறுத்து. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

லூயிசா

·

தியாகராய நகர்
29 ஆகஸ்டு 1974

லூயிசா,

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. என் பெயர் வளர்வதைப் பொறுக்காமல் கட்டிய கதை என்றுதான் நினைத்தேன். நாலு நாள் அப்படியே நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தேன். ஐந்தாம் நாள் பீரோவைத் திறந்து சிப்பியை எடுத்தேன்.

அதன் சுருளின் உட்புறம், நடுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குள் அடைந்திருக்கும் பொருளை இந்த ஐந்து வருடத்தில் யாரும் சுரண்டிப் பார்த்ததில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, கை வைத்தால் கெட்டுவிடும் என்று நான்தான் எல்லோரையும் தடுத்து வைத்திருந்தேன். ஊசியால் சுரண்டினேன். மேலே இருந்தது சாம்பல் மண். அடியில் மஞ்சள். ஒரு சொட்டு ஆசிட் விட்டதும் சோடா மாதிரிப் பொங்கியது. செம்மணப்பேட்டுக் களிமண் எத்தனை சொட்டு விட்டாலும் பொங்காது, அது நம் இரண்டு பேருக்கும் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். முதல் வருட மாணவி சொல்லிவிடுவாள்.

நான் ஒரு நாள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தாய் அல்லவா? நீ கொடுத்த சந்தோஷத்தில் நான் என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். தூத்துக்குடிக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அம்மா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் எம்.எஸ்ஸி.யில் அந்தக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் அதை எழுதாத பெண்ணுக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

என்னை முட்டாளாக்கினாய் என்பதுகூடப் பெரிதில்லை. மூன்று வருடம் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாயே, அதை எப்படிச் செய்தாய்? என் அப்பா உன்னைக் கடைக்குக் கூப்பிட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தாரே, அதை வாங்கிக் கட்டிக்கொண்டாயே. பேசாமல் இருக்க உனக்கு எது தைரியம் கொடுத்தது?

இதற்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

தங்கபுஷ்பம்

·

சாந்தோம்
3 செப்டம்பர் 1974

புஷ்பம்,

நீ கேட்டதற்கு மட்டும் பதில். இதைச் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டாய்.

எழுபதாம் வருடம் உன் கட்டுரை அச்சாகி வந்தது. லைப்ரரியில் போய் நின்றுகொண்டே படித்தேன். அதை வைத்துத்தான் உன்னிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: "இலைகள் பதிந்த களிமண் அடுக்கில், நான்கு அடி ஆழத்தில், பதிந்திருந்த நிலையில் வெட்டி எடுக்கப்பட்டது."

நான் வைத்தது குவியலின் மேலே. நீ எடுத்தது குவியலின் மேலிருந்து, ஒரு கையால், சுத்திகூட இல்லாமல். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது, புஷ்பம். பொய் இனி என்னுடையது மட்டும் இல்லை, இவளும் சேர்ந்துகொண்டாள் என்று ஒரு நிம்மதி. அதுதான் நீ கேட்ட தைரியம். உன் பொய்யின் பின்னால் என் பொய்யை ஒளித்து வைத்துக்கொண்டேன். பொன்னாடை அன்று உன்னைப் பேச அழைத்தபோது அந்த நாலடிக் கதையை நீ மைக்கில் சொன்னாய். மண்ணை எப்படி மெதுவாக விலக்கினாய் என்று கையால் காட்டினாய். சபை கைதட்டியது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போனதற்குக் காரணம் அது.

ஜானு வந்து நின்றிருக்காவிட்டால் இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருந்திருப்பேன். உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். நானே முழுதாக நம்பவில்லை.

லூயிசா

·

தியாகராய நகர்
26 செப்டம்பர் 1974

லூயி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வாரம் படுத்தே கிடந்தேன். வீட்டில் டைஃபாய்டோ என்று பயந்துவிட்டார்கள்.

ஆமாம், குவியலிலிருந்துதான் எடுத்தேன். பேராசிரியர் கையில் சிப்பியைக் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அடுக்கில் பதிந்திருந்ததா, வெளியே கிடந்ததா என்பது. வெளியே கிடந்த கல் எங்கிருந்தும் வந்திருக்கலாம், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. பதிந்திருந்தது சார் என்று சொல்லிவிட்டேன். குவியல் மண் அந்தக் குழியிலிருந்து வெட்டியதுதானே, அப்போது அடுக்கில் இருந்துதானே வந்திருக்கும், இது பொய்யில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நாலடி என்றேன். வாயில் வந்த எண். பிறகு அதைச் சொல்லிச் சொல்லி, மண்ணை விலக்கியது எனக்கே ஞாபகம் இருப்பதுபோல் ஆகிவிட்டது. மைக்கில் சொன்னபோது நான் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

இந்த மூன்று வாரத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஜானுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர் உட்பட. அவள் அழவில்லை. "டீச்சர் வச்சது உங்களுக்கு இப்பத்தான் தெரியும். நாலடி இல்லங்கறது எப்ப மேடம் தெரியும்?" என்று கேட்டாள். "நாலடின்னு நீங்க எழுதினதால தான் நான் நாலடி வெட்டினேன்" என்றாள். கல்லூரி லென்ஸையும் சுத்தியையும் மேஜைமேல் வைத்தாள், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள், போய்விட்டாள்.

அவளுடைய நோட்டுகள் என்னிடம் இருந்தன. சிப்பி தேடுகிற சாக்கில், எந்த இலை எந்த அடுக்கில், எத்தனை அங்குலத்தில் கிடைத்தது என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை, அவளாகச் செய்தது. எங்கள் துறையிலிருக்கும் சண்முகசுந்தரம் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, இலைகளை இப்படி அடுக்கு வாரியாக யாரும் செய்ததில்லை, இந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பு என்றார்.

ஆனால் தை மாதம் நிற்கிறதே. ஈக்காட்டுத்தாங்கலில் அவள் அப்பா வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். தப்பு என்னுடையது, அவளுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டேன். லேத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "தப்பு உங்குளுதுன்றீங்க. வயசு ஏறிக்கினு போறது எம் பொண்ணுக்கில்ல?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் லேத்தை நிறுத்திவிட்டு, அவளையே கேட்டுச் சொல்கிறேன் என்றார். சித்திரை வரைக்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு முகம் இல்லை.

அப்பாவிடமும் சொன்னேன். ரங்கநாதன் தெருக் கடையில் கல்லாவுக்கு மேலே அந்தப் பத்திரிகைப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாரே, அவரே ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். "கோவத்துல கழத்தலம்மா. யாராவது கேட்டா பொய் சொல்லணும்லா, அதான்" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகுமா இருக்குமா தெரியாது. இனி ஆராய்ச்சி மாணவிகள் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். சிப்பி எங்கே வைக்கப்பட்டது என்று இடத்தை அளந்து குறித்துத் தரவேண்டும் என்று கல்லூரியில் கேட்கிறார்கள். அது உனக்குத்தான் தெரியும். அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிறு, காலை ஆறு மணிக்கு டிரைவர் மெஹபூப் அலி ஜீப்பை உன் வீட்டுக்குக் கொண்டுவருவார். நீ முன்னால் உட்கார்ந்துகொள். பேச வேண்டிய அவசியம் இல்லை.

புஷ்பம்

·

சாந்தோம்
8 அக்டோபர் 1974

அன்புள்ள புஷ்பம்,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் அங்கே பதில் சொன்னேன்.

பூந்தமல்லி ரோடு முழுக்க மெஹபூப் அலிதான் பாவம், உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்மணப்பேட்டில் இறங்கியதும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாமா இது, தென்கரையே காணோம். சூளைக்காரனுங்க மொத்தமா வாரிக்கினு போய்ட்டானுங்க." வடபக்கம் ஜானு வெட்டிய பள்ளம் மட்டும் இருந்தது. படிப்படியாக, ஓரம் பிசகாமல், மழைத்தண்ணீர் நிற்க. நீ அதன் பக்கம் போகவே இல்லை.

"எங்க வச்ச?" என்று கேட்டாய். கையில் டேப்பும் நோட்டும் வைத்திருந்தாய். நான் கரை இருந்த இடம் என்று நினைத்த பக்கமெல்லாம் நடந்து பார்த்தேன். ஒரு பனைமரம் இருந்த ஞாபகம். மூன்று பனைமரம் நின்றது. எங்காவது ஒரு இடத்தைக் காட்டியிருக்கலாம். நீ அளந்து எழுதியிருப்பாய், யாரும் சரிபார்க்கப் போவதில்லை, வெயில் ஏறுவதற்குள் கிளம்பியிருப்போம். கைகூடப் பாதி தூக்கிவிட்டேன். பிறகு தெரியவில்லை என்று சொன்னேன். நீ "இடம் தெரியவில்லை" என்று நோட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய்.

திரும்பும்போது, பரங்கிமலை பக்கம் வரும்போது, பின்னாலிருந்து கேட்டாய். "அன்னைக்கு அது கெடைக்காமப் போயிருந்தா நான் என்ன ஆயிருப்பேன், லூயி?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. கிண்டி வந்தது, சைதாப்பேட்டை வந்தது, உன்னை இறக்கிவிட்டு என் வீடும் வந்துவிட்டது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில் மூன்று பிள்ளைகளோடு இருந்திருப்பாய் என்று சொல்லலாம். இல்லை, அப்பாவிடம் சண்டை போட்டு இன்னொரு வருடம் வாங்கியிருப்பாய், ஜானு மாதிரி இலைகளையே அடுக்கு அடுக்காக எண்ணி உண்மையாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாய் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதுவும் நான் உனக்காக வைக்கிற சிப்பியாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரியாது, புஷ்பம். உனக்கும் தெரியாது. அன்றைக்கு நீ வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். அதைத்தான் நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

லூயிசா